செய்தல், செய்வித்தல், உடன்படல்



ஜினாலயத்தில் கைகூப்பி நிற்கும் வேளையில் மட்டும் நாம் ஜைனராக இருந்தால் போதாது. தராசின் முன் நிற்கும் வேளையிலும் ஜைனராக இருத்தல் வேண்டும். தமிழ்ச் சமணராகிய நம்மவர் பெரும்பாலும் உழவையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் இந்நாளில் நம் பிள்ளைகள் பலர் மளிகைக் கடை, அரிசி மண்டி, அச்சகம் என்று நான்கைந்து பேரை வைத்துச் சிறு தொழில் நடத்துகின்றனர். அவர்களிடம் நாம் கேட்கும் குறைகள் இரண்டு. தொடங்கிய நாளில் இருந்த ஊக்கம் இப்போது இல்லை என்பது ஒன்று. நேர்ந்த பிழையை எவரும் தம்முடையது என்று ஏற்பதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். அதற்குரிய மருந்து நம் ஆகமத்திலேயே இருக்கிறது.

2023 ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன், வந்தவாசிப் பக்கம் நம் உறவினர் ஒருவருடைய மளிகைக் கடையில் நடந்த செய்தியைக் கூறுவோம். உரிமையாளருடன் சேர்த்து ஐவர் உழைக்கும் கடை அது. "மாலைக்குள் இந்தத் துவரம்பருப்பு மூட்டை முழுவதும் அரைக் கிலோ பொட்டலமாகிவிட வேண்டும்" என்று உரிமையாளர் அவசரப்படுத்தினார். பொட்டலம் கட்டும் இளைஞர் கிண்ணத்தைத் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூஜ்யத்தில் நிறுத்தாமலே நிறுக்கலானார். கிண்ணத்தின் எடை 40 கிராம். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்திலும் 500 கிராமுக்குப் பதிலாக 460 கிராம் பருப்பே இருந்தது. 50 கிலோ மூட்டையில் 100 பொட்டலம் வரவேண்டிய இடத்தில் 108 வந்தன. கணக்கர் எட்டு மிகுதி என்று கண்டார். ஏன் என்று கேட்கவில்லை. கூடுதல் வரவு என்று எழுதிவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு மூதாட்டி தாம் வாங்கிய பொட்டலத்தைக் கொண்டுவந்து அதே தராசில் வைத்துக் காட்டினார். கூட்டத்தின் நடுவே உரிமையாளர் இளைஞரைக் கடிந்தார். மறுநாள் அவர் பணிக்கு வரவில்லை. எஞ்சியவர்களும் அன்று முதல் சொன்னதை மட்டும் செய்து, சொல்லாததைத் தொடாமல் இருக்கலாயினர். பழிக்கு அஞ்சுகிறவர் எதையும் தாமாகத் தொடங்குவதில்லை. கடையின் ஓட்டம் தளர்ந்தது இவ்வாறுதான்.

உரிமையாளர் நம்மிடம் வந்து, "அத்தை, ஒரு பையன் செய்த தவறால் கடையின் பெயரே கெட்டுவிட்டது" என்று வருந்தினார். "அவன் ஒருவனா செய்தான்?" என்று கேட்டோம்.

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், வினை வந்து சேரும் வழிகளை எண்ணிக் காட்டுகிறது. எண்ணுதல், அதற்கானவற்றைத் திரட்டுதல், தொடங்குதல் என்பன மூன்று. மனம், வாக்கு, காயம் என்பன மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படல் என்பன மூன்று. கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்பன நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 ஆகும். பொட்டலம் 108 ஆனது தற்செயலே. ஆயினும் அந்த எண்ணைக் கேட்டதும் இக்கணக்கு நம் நினைவுக்கு வந்தது.

நிறுத்தவர் இளைஞர், அவருடையது செய்தல். வழக்கில் பாராட்டாக வழங்கும் 'பிரமாதம்' என்ற சொல்லுக்கு ஆகமத்தில் கவனக்குறைவு என்பதே பொருள். வினைக்கட்டுக்குரிய ஐந்து காரணங்களில் அதுவும் ஒன்று. நிறுக்கும் முறையைக் காட்டிக் கொடுக்காமல் விரைவை மட்டும் வேண்டியவர் உரிமையாளர், அவருடையது செய்வித்தல். எண்ணிய உடனே தொடங்கச் சொன்னார். இடையில் திரட்ட வேண்டியதைத் திரட்டவில்லை. மிகுதியைக் கண்டும் வாளாவிருந்தவர் கணக்கர், அவருடையது உடன்படல். குறைந்த அளவையால் கொடுத்தலைக் கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகவும், பொய்யாக எழுதுதலை வாய்மை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகவும் நம் நூல்கள் வைத்திருக்கின்றன. ஒரு மூட்டைப் பருப்பில் இரண்டும் நேர்ந்துவிட்டன.

பிறரைச் சுட்டுமுன் நம் குறையையும் சொல்லிவிடுவதே முறை. 1971 ஆம் ஆண்டு நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, ஒருவர் பாடம் நடத்த மற்றவர்கள் பின்வரிசையில் அமர்ந்து குறை நிறைகளை எழுத வேண்டும். தோழி ஒருவர் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் தவறாகப் போட்டதை நாம் கண்டோம். அவர் மனம் நோகுமே என்று, 'நன்று' என எழுதிக் கொடுத்தோம். தேர்வாளர் முன் பாடம் நடத்திய அன்று அவர் அதே பிழையைச் செய்து மதிப்பெண் இழந்தார். நட்பு என்று நாம் நினைத்தது உடன்படலாயிற்று. அதன் பின் நாம் பிறர் பாடத்தைப் பார்வையிட்ட போதெல்லாம் அந்த ஒரு சொல் நம் நினைவில் உறுத்தியது.

'பிறர் குற்றத்தை மறைத்தல் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றல்லவா?' என்று சிலர் வினவலாம். ஆம், அது உபகூகனம். தவறியவரைப் பலர் முன் இழிவுபடுத்தாதே என்பது அதன் கருத்து. தவற்றைத் திருத்தாமல் விடு என்பதன்று. அதற்கு அடுத்த அங்கமே ஸ்திதிகரணம், அதாவது வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்துதல். முன்னதை மட்டும் கொண்டால் கணக்கரைப் போல ஆவோம். இரண்டையும் விட்டால் கூட்டத்தில் கடிந்த உரிமையாளரைப் போல ஆவோம்.

நாள்தோறும் செய்யத்தக்க ஆறு கடமைகளில் பிரதிக்கிரமணம் ஒன்று. நிகழ்ந்த பிழையை நினைந்து, சொல்லி, அதிலிருந்து மீளுதல் அது. கடையிலும் அதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கலாம். கதவடைக்குமுன் அனைவரும் அமர்ந்து, இன்று நான் செய்தது என்ன, செய்வித்தது என்ன, கண்டும் பேசாதிருந்தது என்ன என்று ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி மட்டுமே சொல்ல வேண்டும். உரிமையாளரே முதலில் சொல்ல வேண்டும். தலைவர் வாய் திறவாத இடத்தில் மற்றவர் வாய் திறவார்.

ஊக்கத்துக்கும் வழி உண்டு. வாழ்நாள் முழுவதற்கும் ஏற்பது யமம்; கால வரையறையோடு ஏற்பது நியமம். 'இனி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வோம்' என்பது வெறும் வாய்ச்சொல். 'நாளைப் பகல் 12 மணிக்குள் தராசைச் சரிபார்ப்பது என் பொறுப்பு' என்பது நியமம். அது நிறைவேறியதா என்பது மறுநாள் மாலையே தெரிந்துவிடும். நிறைவேறிய சிறு நியமம் அடுத்ததற்கு வலிமை தரும். இல்லறத்தார்க்குரிய 11 படிகளையும் ஒரே நாளில் ஏறுமாறு நம் அறம் எவரையும் கேட்கவில்லையே!

அந்த உரிமையாளர் இளைஞரின் வீட்டுக்கே சென்று, "தம்பி, அவசரப்படுத்தியவன் நான், உன்னை மட்டும் பேசியது தவறு" என்றார். தீபாவளி கழிந்து இளைஞர் திரும்பி வந்தார். கணக்கர் தாம் எழுதிய வரியைத் திருத்தி, காரணத்தையும் அருகில் எழுதினார். எடை குறைந்த பொட்டலம் வாங்கியவர்கள் வருமாறு கடை வாயிலில் எழுதி வைத்தார்கள். சிலர் வந்தனர், பலர் வரவில்லை. வராதவர்க்குரிய பருப்பை உரிமையாளர் அன்னதானத்துக்கு அளித்தார். உரியவரைச் சேராத பொருளைத் தானமாகக் கொடுத்தாலும் கடன் முழுதும் தீர்ந்ததாகாது என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். அவ்வுணர்வு அவரிடம் நிலைக்கட்டும்.

மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய நாளே நமக்குத் தீபாவளி. கி.மு. 527 முதல் வீர நிர்வாண ஆண்டை அந்நாளைக் கொண்டே எண்ணி வருகிறோம். வணிகர் பலர் புதுக் கணக்குத் தொடங்குவதும் அப்போதுதான். புதிய ஏட்டில் முதல் வரியை எழுதுமுன், பழைய ஏட்டில் நாம் செய்ததையும், செய்வித்ததையும், உடன்பட்டதையும் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக!

ஜினதருமம் வாழ்க! எல்லா உயிரும் இன்புறுக!