பந்தியும் கல்லறையும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் கோயில் பண்டிகை வந்தால் அசனம் என்ற பொது விருந்து உண்டு. முந்தின இரவே கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆண்கள் அண்டாவில் சோறு வடிக்க, பெண்கள் விடிய விடியக் காய் நறுக்குவார்கள். சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்கள்கூட அந்த ஒரு நாளுக்காக ஊர் திரும்புவார்கள். காரில் வந்தவரும் கால்நடையாக வந்தவரும் தரையில் வரிசையாக அமர்ந்து ஒரே சோற்றை உண்ண வேண்டும். அசனத்தின் பொருளே அதுதான்.

சிறுவயதில் எனக்கு அது ஒரு விருந்து, அவ்வளவே. பந்தியில் யார் அருகே யார் அமர்கிறார்கள், யார் அமராமல் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று பார்க்கத் தெரிந்த வயதில்தான் வேறொன்று புரிந்தது. ஒரு சபையின் மெய்யான நிலையை அறியப் பிரசங்கத்தைக் கேட்டால் போதாது; அதன் பந்தியைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை, கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம் வருகிறது. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் லுத்தரன்களும் ஒரே மேடையில் நின்று ஜெபிக்கிறார்கள், பாடகர் குழுக்கள் சேர்ந்து பாடுகின்றன. ஒருவரையொருவர் வழிதவறியவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கைகுலுக்குவது பெரிய மாற்றம். ஆனால் அந்த எட்டு நாள் முடிந்ததும் அந்தந்த ஊரின் வாழ்வில் என்ன மாறுகிறது? இந்தக் கேள்விக்கு நம் மண்ணின் வரலாறே பதில் வைத்திருக்கிறது.

மிஷனெரிகள் தமிழ்நாட்டைத் தங்களுக்குள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு உழைத்தவர்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷன், மதுரையிலும் ஆற்காட்டிலும் அமெரிக்க மிஷன்கள், நெல்லையில் ஆங்கிலிக்கன் சங்கங்கள், தஞ்சைப் பக்கம் லுத்தரன்கள். ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவருடைய விசுவாசம் தீர்மானிக்கவில்லை, அவர் பிறந்த தாலுகா தீர்மானித்தது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும் என்றோ நடந்த சண்டைகளின் பெயர்களை நம் கிராமத்து விவசாயி சுமந்து திரிந்தார்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். 1706-ல் மிஷனெரி சீகன்பால்க் கரையிறங்கிய அதே ஊர். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். அவர்களுள் முன்நின்றவர் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றவர் அவர். அங்கே கூடியவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் எளிமையானது: இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றோடு எங்கள் மக்கள் முன்னால் நிற்க எங்களுக்குப் பலமில்லை.

அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. பேராயர் வேண்டுமா வேண்டாமா, பேராயர் கை வைக்காமல் குருப்பட்டம் பெற்றவரின் ஊழியம் செல்லுமா என்று ஒவ்வொன்றும் விவாதிக்கப்பட்டது. எல்லோரும் எதையோ விட்டுக்கொடுத்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. பேராயர்களே இல்லாத பிரஸ்பிட்டேரியன் மரபில் வளர்ந்த லெஸ்லி நியூபிகின் மதுரை வட்டாரத்தின் பேராயரானார். அந்த நாளைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1 அன்றே அவர் மறைந்துவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சபைகள் ஒன்றாக வழிபடுவதற்கு முன்பே ஒன்றாக வேலை செய்யத் தொடங்கியிருந்தன. 1915-ல் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கியபோது இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளின் 12 மிஷன் சங்கங்கள் அதற்குத் தோள் கொடுத்தன. எந்த ஒரு சங்கத்தாலும் தனியே அந்தக் கல்லூரியை நடத்தியிருக்க முடியாது. நம் பெண்கள் படிக்க வேண்டும் என்ற தேவையின் முன்னால் சங்கங்களின் எல்லைக்கோடுகள் தாமாக மங்கின.

வேலூரின் கதை இதைவிட அழுத்தமானது. ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார்கள் பிரசவத்தில் இறந்ததை அறிந்தவர் ஐடா ஸ்கடர். ஆண் மருத்துவரை உள்ளே விட அந்த வீடுகள் சம்மதிக்கவில்லை. பெண் மருத்துவரோ அந்த வட்டாரத்தில் இல்லை. அந்த இரவு அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கியவர், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். பின்னாளில் அதைப் பட்டப் படிப்பாக உயர்த்தியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, ஒரு மிஷனின் பணமும் ஆளும் போதவில்லை. எழுபதைக் கடந்த ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் உதவி கேட்டார். பல திருச்சபைகள் சேர்ந்து அந்தச் சுமையைத் தூக்கின. இன்று அந்த மருத்துவமனைக்கு வரும் நோயாளி மருத்துவரிடம் அவர் எந்தச் சபை என்று கேட்பதில்லை. மருத்துவரும் நோயாளியின் மதத்தைக் கேட்பதில்லை. அயலானின் வலி நடுவில் வந்து நின்றபோதுதான் சபைகளால் ஒன்றாக நிற்க முடிந்தது. 1947-ல் பிரிவினை அகதிகளுக்கு உதவப் பல சபைகள் சேர்ந்து தொடங்கிய ‘காசா’ என்ற அமைப்பும் இதே வழியில் வந்ததுதான்.

இவ்வளவையும் நன்றியோடு சொல்லிவிட்டு, மனம் கனக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பலில் வந்த பிரிவுகளுள் பலவற்றை நம் முன்னோர் 28 ஆண்டுகளில் பேசித் தீர்த்தார்கள். கப்பலில் வராத ஒரு பிரிவு உண்டு. அது நம் மண்ணிலேயே விளைந்தது. அந்தப் பழியை வேறு யார்மேலும் போட முடியாது. அதன் பெயர் சாதி.

இதை அன்றைக்கே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1850-ல் சென்னை மிஷனெரிகள் மாநாட்டில் பல சங்கத்தார் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, யார் சமைத்த உணவானாலும் யாரோடும் அமர்ந்து உண்டு காட்ட வேண்டும் என்றார்கள். அதற்காக ‘அன்பின் விருந்து’ நடந்தது. லைப்சிக் மிஷனின் லுத்தரன்கள் இந்தக் கடுமையை ஏற்கவில்லை. சாதி மெல்ல மெல்லக் கரையும் என்று நம்பினார்கள். கட்டளையிட்டு உண்ண வைத்த கை மனங்களை மாற்றிவிடவில்லை. காத்திருந்தவர்கள் பார்த்திருக்கச் சாதியும் கரைந்துவிடவில்லை. ஆனால் பரீட்சையை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அந்த மாநாட்டின் பார்வை பழுதற்றது. அது பந்தியில் வைத்தது.

வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டிய கத்தோலிக்கக் கோயில் இருந்தது. பீடம் ஒன்று, ஆனால் வழிபட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண முடியாது. அது பழங்கதை என்று ஆறுதல்பட முடியவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்களுக்குச் சம மரியாதை இல்லாத பங்கில் இருக்க முடியாது, தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதை ஒட்டிக் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. இரு தரப்பும் ஒரே ஜெபத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். இது கத்தோலிக்கரின் குறை மட்டும் என்று மற்றவர்கள் விலகி நிற்கவும் முடியாது. கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் எழுப்பிய ஊர்களையும், பேராயத் தேர்தலில் சாதிக் கணக்குப் போடும் கூட்டங்களையும் அறியாத சபை நம்மிடம் இல்லை.

திருச்சபைகள் ஒன்றாகக் கேட்கும் நியாயமான கோரிக்கை ஒன்று உண்டு. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவரான தலித்துகளுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. அந்த ஆணை வந்த ஆகஸ்ட் 10-ஆம் நாளைக் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். மதம் மாறினாலும் சாதியின் கொடுமை மாறவில்லை என்பதே அவர்கள் வாதம். வாதம் உண்மை. அந்த உண்மை நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. ஆட்சியாளரின் கதவைத் தட்டும் கை, ஊர்க் கல்லறையின் குறுக்குச் சுவரையும் இடிக்க வேண்டும். இரண்டையும் செய்யும்போதுதான் அந்தக் குரலுக்கு முழு வலிமை வரும்.

அப்படியானால் ஒவ்வோர் ஊரிலும் சபைகள் ஒன்றாகச் செய்ய வேண்டியது என்ன? பெரிய மாநாடுகள் அதற்குத் தேவையில்லை. ஊரில் எல்லாச் சபைக்கும் ஒரே கல்லறைத் தோட்டம் இருக்கட்டும், அதில் யார் இறந்தாலும் அடுத்த குழி அவருக்கு என்ற முறை இருக்கட்டும். வெள்ளம் வந்தால் எந்தக் கோயில் மேட்டில் இருக்கிறதோ அதன் கதவு இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சேர்த்துத் திறக்கட்டும். குடியால் சிதையும் வீடுகளைப் பார்க்கவும், கைம்பெண்களின் ஓய்வூதிய மனுவை எழுதித் தரவும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் தேடிப் போகவும் எல்லாச் சபையிலிருந்தும் இரண்டிரண்டு பேர் சேரட்டும். சாதி விட்டு மணம் முடிக்க வரும் இளைஞரை எந்தக் குருவும் தயங்காமல் வரவேற்கட்டும். அவர்களுக்கு ஆபத்து வந்தால் எல்லாச் சபையும் அரணாக நிற்கட்டும். உபதேசத்தில் ஒத்துப்போக நூறாண்டு ஆகலாம். இவற்றுக்கு ஒரு தீர்மானமும் ஒரு துணிவும் போதும்.

வீட்டிலும் ஒரு பகுதி இருக்கிறது. நம் பிள்ளை யாரை வீட்டுக்கு அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடுகிறது, அப்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்கின்றன. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த எந்த வசனமும் அந்த முகத்தைவிட ஆழமாகப் பதிவதில்லை.

எங்கள் பக்கத்துத் தாய்மார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சோறு பொங்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். வசதியானவர் வீட்டுப் பச்சரிசியும் கூலிக்காரர் வீட்டுப் புழுங்கலரிசியும் அங்கே ஒரே சாக்கில் விழும். விழுந்த பிறகு எந்த மணி எந்த வீட்டது என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

அந்தச் சாக்கிலிருந்து பொங்கிய சோற்றைச் சுற்றி நம்மால் ஒரே பந்தியில் அமர முடிகிறதா? அமரும் நாள் வரை, தரங்கம்பாடியில் தொடங்கிய வேலை முடிந்ததாகாது.