நாடி பார்க்காத கருணை

பன்வில மலைத்தோட்டங்களில் துரைமார் குதிரையேறிச் சுற்றிய காலம் போய்விட்டது. இன்று மலையகத்தார் குதிரையைப் பார்ப்பது நுவரெலியா பந்தயத் திடலிலும் கிரகரி வாவிக் கரையிலும்தான். அங்கே பிள்ளைகளைச் சுமக்கும் மட்டக்குதிரை ஒன்று தீனியை மறுத்து, முன்காலால் மண்ணைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் அது வயிற்றுவலி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. முற்றினால் இரைப்பையே வெடிக்கக்கூடும்.

சுற்றி நிற்பவர்கள் "பாவம், வாயில்லாச் சீவன்" என்பார்கள். அது கருணைதானா?

பிற உயிரின் நோயைத் தன் நோயாகக் கருதாவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று வள்ளுவர் கேட்டார். திருப்பியும் கேட்கலாம்: அறிவில்லாத இரக்கத்தால் குதிரைக்கு என்ன பயன்? ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும்; மூச்சு 8 முதல் 16; உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை ஒட்டி. ஈறை அமுக்கி விட்டால் 2 செக்கனுக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். நல்ல நாளிலேயே இவற்றை எழுதி வைத்தவருக்குத்தான் நோய் நாளில் வித்தியாசம் பிடிபடும். நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் இருப்பது பேராதனையில். பன்வில பக்கத்திலிருந்து வத்தேகம, கண்டி தாண்டிப் போக வேண்டும். வைத்தியர் வரும்வரை தீனியை அகற்றி, மனிதருக்கான மாத்திரை எதையும் புகட்டாமல், துடிப்பை நேரத்தோடு குறித்து வைப்பதும் சீவகாருண்யம்தான்.

இது புதுச் சிந்தனையல்ல. மனிதருக்கும் விலங்குக்கும் தனித்தனியே வைத்தியம் ஏற்பாடு செய்ததாக அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம் சொல்கிறது. சோழ, பாண்டிய நாடுகளும் தாம்பிரபரணி எனப்பட்ட இலங்கையும் அதில் வருகின்றன. யானைக்கும் குதிரைக்கும் வைத்தியர்களை நியமித்த புத்ததாச மன்னன், நோயுற்ற நாகம் ஒன்றின் வயிற்றைக் கீறிக் குணமாக்கினான் என்கிறது சூளவம்சம். கதைதான். ஆனாலும் கதை சொன்னவர் மன்னனின் கண்ணீரைப் பெரிதாக்கவில்லை, கையிலிருந்த கத்தியைத்தான் பேசுகிறார்.

வைத்தியமும் தோற்றால்? 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் துடித்துக்கொண்டிருந்த கன்றுக்குட்டிக்கு நச்சூசி போடச் சம்மதித்தார் காந்தி. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கண்டியிலும் கொல்லாமை என்னும் பௌத்தத்தின் முதல் சீலத்தைச் சுட்டிப் பலர் மறுப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: "இனித் தேறாது" என்ற பேச்சில் செலவுக்கு அஞ்சும் குரலும் கலந்திருக்கலாம். சபர்மதிக் கன்றின் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு. ஊசிக்கு முன்பே இயன்ற சிகிச்சையெல்லாம் நடந்து, மருத்துவரும் கைவிரித்திருந்தார்.