எள்ளுவோன் தகுதி

நகை பிறக்கும் களன் நான்கு என வகுத்த தொல்காப்பியர், எள்ளலை முதற்கண் வைத்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்தார். பிறரைப் பழித்து நாம் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மைப் பழிக்கும்போதும் நாம் சிரிப்பது மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிது, பின்னதோ அரிது. எளியது மட்டுமே கைவந்த ஒருவனுக்கு உலகை எள்ளும் உரிமை உண்டா? ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரேயின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1811இல் கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்த தாக்கரே, நான்கு வயதில் தந்தையை இழந்தார். ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பின்னர்ச் சூதாட்டத்திலும் இந்திய வங்கிகளின் வீழ்ச்சியிலும் மரபுச் செல்வத்தை இழந்து, எழுதுகோலை நம்பி வாழத் தலைப்பட்டார்.

1846-47இல் 'பஞ்ச்' இதழில், மேலோர்முன் வளைந்தும் கீழோர்முன் நிமிர்ந்தும் நிற்கும் போலிப் பெருமையாளரைத் தொடர் கட்டுரைகளில் நகையாடினார். ஆயின் அத்தொடரின் தலைப்பிலேயே, எழுதுபவனும் அக்கூட்டத்தில் ஒருவனே என்று அறிவித்தார். 1847-48இல் மாதந்தோறும் வெளிவந்த 'வேனிட்டி ஃபேர்' நாவலைத் தலைவன் இல்லாத கதை என்றே அழைத்தார். சூழ்ச்சியால் உயரத் துடிக்கும் பெக்கி ஷார்ப்பும், வங்கத்தில் கலெக்டராயிருந்து பொருள் சேர்த்துத் திரும்பிய பகட்டுக்காரர் ஜோஸ் செட்லியும் மட்டுமல்லர். நல்லவளாகிய அமீலியாவும் அங்கே தன்னலத்தினின்று தப்பவில்லை.

இத்தகையவர்க்கு 1858இல் ஒரு சோதனை வந்தது. எட்மண்ட் யேட்ஸ் என்னும் இளம் பத்திரிகையாளர், தாக்கரேயின் தோற்றத்தையும் பேச்சையும் எள்ளி எழுதினார். இங்கிலாந்தில் பிரபுக்களைப் போற்றிவிட்டு, அமெரிக்கா சென்றதும் ஆங்கில அரசர்களைத் தாக்கினார் என்றும் குத்திக் காட்டினார். தாக்கரே சிரிக்கவில்லை. இருவரும் உறுப்பினராயிருந்த காரிக் கிளப்பில் முறையிட்டார், யேட்ஸ் விலக்கப்பட்டார். யேட்ஸின் பக்கம் நின்ற டிக்கன்ஸுக்கும் தாக்கரேக்கும் இடையே பகை மூண்டது. 1863இல் தாக்கரே இறப்பதற்குச் சிறிது முன்னரே இருவரும் கைகுலுக்கினர்.

இதனால் அவர் நூல்கள் பொய்யாயினவா? இல்லை என்பதே நம் துணிபு. தாமும் அவர்களுள் ஒருவரே என்று அவர் எழுதியது வெறும் அடக்கச் சொல் அன்று, உண்மையே என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. எனினும், தன் குறையை ஏட்டில் ஒப்புவது வேறு. அதைப் பிறன் சொல்லக் கேட்டுப் பொறுப்பது வேறு. முன்னது நூலுக்கு உண்மை தரும். பின்னதே மனிதனுக்குத் தகுதி தரும்.

வேற்றூரில் வாழும் நாமும் விருந்தினரின் பதவியைக் கேட்டறிந்த பின்னரே முன்வரிசையா பின்வரிசையா என்று முடிவு செய்வதுண்டு. தாக்கரேயைப் படித்து, பெக்கியையும் ஜோஸையும் கண்டு வாய்விட்டுச் சிரிக்கின்றோம். ஒருவர் நம் முன்வரிசையைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கும் நாளிலும் அச்சிரிப்பில் கலந்துகொள்வோமாயின், எள்ளலின் இரண்டாம் பாடத்தையும் கற்றவராவோம்.