பதினோரு பிரதிகள்

ஸ்ரீ அரவிந்தருடைய ‘சாவித்திரி’யை நினைக்கும்போதெல்லாம், அதன் தத்துவத்தைக் காட்டிலும் அது எழுதப்பட்ட விதமே என் மனத்தை அதிகமாகப் பற்றிக்கொள்கிறது. மகாபாரதத்தின் வன பர்வத்தில் சில அத்தியாயங்களுக்குள் அடங்கிவிடும் ஒரு உபாக்கியானம் அது. அலிப்பூர் வழக்கிலே ஓராண்டு சிறையிருந்து விடுதலையாகி, 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்து சேர்ந்தவர், அதை ஆங்கிலத்தில் ஒரு சிறிய கதைப்பாடலாக எழுதிய பிரதி 1916-ஆம் ஆண்டிலேயே இருந்திருக்கிறது. அதையே மறுபடி மறுபடி கையிலெடுத்து, அடித்து, விரித்து, முதலிலிருந்து புதிதாக எழுதி, கண்பார்வை மங்கிய கடைசி ஆண்டுகளில் நீரோத்பரன் என்ற சீடருக்கு வாயால் சொல்லி, 1950 டிசம்பரில் தேகத்தை விடுவதற்குச் சில வாரங்கள் முன்பு வரையில் திருத்திக்கொண்டேயிருந்து, ஏறக்குறைய 24,000 வரிகள் கொண்ட மகாகாவியமாக வளர்த்துவிட்டார்.

சொல்லழகுக்காகச் செய்த திருத்தமல்ல அது. தம்முடைய சேதனம் ஒரு படி மேலேறும்போதெல்லாம் அந்த உயரத்திலிருந்து கவிதையை மீண்டும் எழுதியதாகவும், எழுதி முடிக்க வேண்டிய ஒரு நூலாக மட்டும் தாம் அதைக் கருதவில்லை என்றும் அவரே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். மனிதன் மாறினான், ஆகையால் கவிதையும் மாறிற்று.

இந்தச் செய்தியை முதன்முதலாக அறிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் உண்டாயிற்று. அந்த ஆறுதல் நியாயமானதல்ல என்று விளங்குவதற்கு வெகு காலம் ஆயிற்று. பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்ததில் எனக்கும் என் தமையனாருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, அவர் நாக்பூரிலும் நான் ஊரிலுமாகப் பேச்சற்றுப் போன பின், அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நீல அட்டை போட்ட கோடு நோட்டு ஒன்றில் அக்கடிதத்தின் பதினோரு பிரதிகள் இருக்கின்றன. எல்லாம் ‘அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்’ என்றே ஆரம்பிக்கின்றன. முதல் பிரதியில் கணக்கும் குற்றச்சாட்டும், நாலாவதில் சமாதானம், எட்டாவதில் நானே படிக்கக் கூசும் அளவுக்குப் பணிவு. ஒவ்வொரு முறையும் என் மனம் கொஞ்சம் பக்குவப்பட்டிருக்கிறது, அது மெய்தான். ஆனால் ஒன்றுகூடத் தபாலில் சேரவில்லை. பரிபக்குவம் வரட்டும் என்று காத்திருப்பதாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், சாவித்திரியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு!

ஸ்ரீ அரவிந்தரோ சாவித்திரியை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவரல்லர். 1914 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, தம்முடைய நாற்பத்திரண்டாம் பிறந்த நாளில், ‘ஆர்யா’ என்ற மாத சஞ்சிகையைத் தொடங்கி, 1921 ஜனவரி வரையில் மாதந்தோறும் 64 பக்கங்களை, பெரும்பாலும் தாம் ஒருவராகவே எழுதி, அச்சுக்குக் கொடுத்தார். திவ்ய ஜீவனமும், யோக சமன்வயமும், கீதை பற்றிய கட்டுரைகளும் அதில் ஏககாலத்தில் தொடர்ச்சியாக வெளிவந்தன. பாரதியாரின் துணையோடு ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலமாக்கியதும் அதிலேதான். திவ்ய ஜீவனத்தைப் பின்னால் விரிவாகத் திருத்தத்தான் செய்தார். ஆயினும் திருத்தம் முடியட்டும் என்று மாத இதழை நிறுத்தி வைக்கவில்லை. பிறருக்குச் சேரவேண்டியது கெடுவில் போயிற்று. தம் சாதனையோடு சேர்ந்தது முப்பத்துநாலு வருஷம் தம்மிடம் நின்றது. இவ்விரண்டையும் அவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை. நான் குழப்பிக்கொண்டேன். என் கடிதம் ‘ஆர்யா’வைப் போலப் போயிருக்க வேண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவியத்தின் எட்டாவது பர்வம், சத்தியவான் வனத்தில் உயிர்விடுவதைச் சொல்லும் மரண பர்வம். அதில் ஒரே ஒரு சர்க்கந்தான் இருக்கிறது; அதுவும், பழைய பிரதியில் பெற்ற ‘மூன்றாவது’ என்ற எண்ணையே சுமந்துகொண்டு, முற்றத் திருத்தம் பெறாமல் அச்சில் நிற்கிறது. அவ்வளவு காலம் இழைத்தவர் கையிலிருந்தே ஒரு பகுதி அப்படி வெளிவந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க, எனக்கு என் நோட்டின் மேல் இருந்த கௌரவம் குறைந்துகொண்டே வந்தது.

சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகலில், அந்த நோட்டைத் திறக்காமலேயே, ஒரு தபால் கார்டை எடுத்து, மன்னியின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்றும், பாகத்தில் என் பக்கம் வந்த கொல்லையில் நிற்கிற நார்த்தை இவ்வருஷம் நிறையக் காய்த்திருக்கிறது, ஊறுகாய் போட்டு அனுப்பட்டுமா என்றும் நாலு வரி எழுதி, நடுவில் ஒரு சொல்லை அடித்திருந்ததை அடித்தபடியே விட்டு, வெயிலோடு வெயிலாகப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.