பொய்த் தோற்றமும் மெய் வேட்கையும்

நோயாளியின் வேட்கையை மருத்துவனே தூண்டிவிடுதல் அறமாகுமா? அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2010-களில் பாட்ரிக் போர்ட்னிக் குழுவினர் அமைத்த மெய்நிகர்க் காட்சி இவ்வினாவை எழுப்புகின்றது. ஹெராயினுக்கு அடிமையானவன் கண்களில் ஒரு கருவியை அணிந்ததும், போதை விருந்து நடக்கும் வீட்டினுள் நிற்கின்றான். காண்பன யாவும் பொய். அவனுள் எழும் வேட்கையோ மெய். அதற்கு இணங்காது நிற்க அங்கே பழக்குகின்றனர்.

மருத்துவமனையில் தேறியவன் பழைய தெருமுனையைக் கண்டதும் வீழ்வதுண்டு. வேட்கை இடத்தோடு பிணைந்தது. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரருள் மிகப் பலர், தாயகம் திரும்பியபின் மீண்டும் அடிமையாகவில்லை என்று லீ ராபின்ஸ் அம்மையார் 1970-களில் ஆராய்ந்து கண்டார். இடம் மாறியதும் அதற்கொரு காரணம் என்பர். ஊர்விட்டு வந்த நமக்கு இது வியப்பன்று. ஒரு முழம் மல்லிகையின் மணம் போதும், பிறந்த தெரு கண்முன் வந்து நிற்கும். ஆனால் நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு மாறிச் செல்ல வேறிடம் ஏது? அதே தெருவுக்குத்தான் திரும்பவேண்டும். எனவே அத்தெருவை முன்கூட்டியே காட்டுதல் வஞ்சனையன்று என்பேன். அவன் அறிந்து இசையவேண்டும், வேட்கை தணியும்வரை மருத்துவர் உடனிருக்கவேண்டும்.

சீனாவில் கட்டாய மறுவாழ்வு நிலையங்களிலும் இம்முறை புகுந்துள்ளது. அங்கேதான் என் மனம் தயங்குகின்றது. கையொப்பமிட்ட படிவங்களை நாள்தோறும் கோப்பில் சேர்ப்பவன் நான். கையொப்பமெல்லாம் இசைவென்று சொல்லத் துணியேன். வாயில் பூட்டியிருக்கையில், அக்கருவியை அணிய மறுக்கும் உரிமை அவனுக்கு எவ்வளவு உண்டு?