காத்தலும் கவர்தலும்: ‘டாக்டர் ஹூ’ தொடரில் உடன்பயணியரின் நினைவுரிமை

முன்னுரை

வலிமையும் அறிவும் மிக்க ஒருவர், தம்மை நம்பி உடன்வந்தவரின் நன்மைக்காக, அவரது விருப்பத்தை மீறிச் செயற்படலாமா என்பது அறவியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். தந்தை-மகள், மருத்துவர்-நோயாளர், ஆசிரியர்-மாணவர், அரசு-குடிமக்கள் எனப் பல உறவுகளில் இவ்வினா எழுகிறது. அறிவியல் புனைவு இவ்வினாவை அதன் எல்லை வரை கொண்டு செல்லும் ஆற்றல் உடையது. வாழ்வில் பகுதியளவில் மட்டுமே நிகழக்கூடியதைப் புனைவு முழுமையாக நிகழ்த்திக் காட்டிவிடுகிறது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரில் நாயகனுடன் பயணம் செய்யும் துணைவர்களின் நிலையை, குறிப்பாக அவர்களுடைய நினைவுகள் அழிக்கப்படும் நிகழ்வுகளை, மேற்கண்ட வினாவின் அடிப்படையில் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தொடரும் உடன்பயணியரும்

‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. சிட்னி நியூமன் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். வெரிட்டி லாம்பெர்ட் முதல் தயாரிப்பாளர். 1989 வரை தொடர்ந்து வந்த இத்தொடர், 1996இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படமாகத் தலைகாட்டி, 2005இல் ரஸ்ஸல் டி. டேவிஸின் பொறுப்பில் மீண்டும் தொடங்கியது. நாயகன் ‘டாக்டர்’ என்று மட்டுமே அழைக்கப்படும் வேற்றுக்கோளினன். காலத்தின் மீது ஆட்சியுடைய ‘டைம் லார்ட்’ என்னும் காலத்தலைவர் இனத்தைச் சேர்ந்தவன். நீலநிறக் காவல்துறைப் பெட்டியின் வடிவிலுள்ள ‘டார்டிஸ்’ என்னும் ஊர்தியில் காலத்தையும் வெளியையும் கடப்பவன். இறக்கும் தறுவாயில் உடலை மாற்றிக்கொள்ளும் இயல்புடையவன் ஆதலின், பல நடிகர்கள் இப்பாத்திரத்தை ஏற்றுள்ளனர்.

அவனோடு செல்வோர் பெரும்பாலும் மானிடர். இவர்களைக் குறிக்கத் ‘துணைவர்’, ‘தோழர்’ என்னும் சொற்கள் இருப்பினும், உறவின் தன்மை பாத்திரத்திற்குப் பாத்திரம் வேறுபடுவதால், ‘உடன்பயணி’ என்னும் பொதுச்சொல் இக்கட்டுரையில் கையாளப்படுகிறது. பார்வையாளர் கேட்க விரும்பும் கேள்வியை டாக்டரிடம் கேட்பதே இவர்களின் முதற்பணி எனத் திறனாய்வாளர் பலர் கருதுவர். அது கதைசொல்லும் உத்தி பற்றிய கருத்து. அறவியல் நோக்கில் அவர்களுக்கு வேறொரு பணியும் உண்டு. தொல்காப்பியம் தோழியைக் குறிக்க ஆளும் ‘உசாத்துணை’ என்னும் சொல் அப்பணிக்கு நெருக்கமானது. உடன் ஆராய்ந்து, தேவைப்படும்போது தடுத்துரைப்பது துணையின் கடமை.

2008இல் ஒளிபரப்பான ‘தி ஃபயர்ஸ் ஆஃப் பாம்பெய்’ என்னும் கதையில் இதனைத் தெளிவாகக் காணலாம். எரிமலை வெடிக்காவிடில் உலகமே அழியும். வெடித்தால் பாம்பெய் நகர் அழியும். நெம்புகோலை அழுத்த வேண்டிய டாக்டரின் கைமீது டோனா நோபிள் தம் கையையும் வைக்கிறார். முடிவின் சுமை பகிர்ந்துகொள்ளப்படுகிறது. பின்னர், ஒரு குடும்பத்தையேனும் காப்பாற்றுமாறு அழுது வேண்டி, டாக்டரைத் திரும்பிச் செல்ல வைப்பவரும் அவரே. நாயகனின் அறவுணர்வு உடன்பயணியின் வாயிலாகவே நிறைவு பெறுகிறது என்பது இங்குப் புலனாகிறது.

2. ஒப்புதலின்றித் தொடங்கிய பயணம்

இத்தகைய சமநிலை தொடரின் தொடக்கத்தில் இல்லை. முதற்கதையில், தம் மாணவி சூசனைப் பற்றி அறிய வந்த அறிவியல் ஆசிரியர் இயன் செஸ்டர்டனும் வரலாற்று ஆசிரியை பார்பரா ரைட்டும் டார்டிஸுக்குள் நுழைந்துவிடுகின்றனர். அவர்கள் வெளியே சென்றால் தன் மறைவு வெளிப்பட்டுவிடும் என அஞ்சிய டாக்டர், அவர்கள் விருப்பத்திற்கு மாறாக ஊர்தியைக் கிளப்பிவிடுகிறான். உடன்பயணத்தின் முதல் நிகழ்வே ஒரு கடத்தல் என்பது நோக்கத்தக்கது.

1964 டிசம்பரில் நிறைவுற்ற ‘தி டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்’ கதையின் முடிவில், டாக்டர் தன் பேத்தி சூசனை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிவிடுகிறான். அவள் டேவிட் என்னும் இளைஞனை விரும்புகிறாள். ஆயினும் தாத்தாவைத் தனியே விட மனமின்றித் தயங்குகிறாள். அத்தயக்கத்தைத் தீர்க்கும் உரிமையை டாக்டர் தானே எடுத்துக்கொள்கிறான். இக்காட்சி பாசத்தின் வெளிப்பாடாகவே போற்றப்படுகிறது. பாசம் இருப்பது உண்மையே. எனினும் முடிவு அவளுடையதன்று.

1969இல் வந்த ‘தி வார் கேம்ஸ்’ பத்துப் பகுதிகளைக் கொண்டது. இதன் இறுதியில் காலத்தலைவர்கள் டாக்டரை விசாரித்துப் பூமிக்கு நாடுகடத்துகின்றனர். உடன்பயணியரான ஜேமியும் ஸோயியும் தத்தம் காலத்திற்கு அனுப்பப்படுகின்றனர். டாக்டருடனான முதல் நிகழ்வைத் தவிர மற்ற நினைவுகள் அனைத்தும் அவர்களிடமிருந்து நீக்கப்படுகின்றன. ஜேமி 1746ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துப் போர்க்களச் சூழலிலிருந்து வந்து, பல உலகங்களைக் கண்டவன். ஒன்றும் அறியாதவனாக அங்கேயே திரும்புகிறான். இச்செயல் ஓர் ஆதிக்க அமைப்பின் தண்டனையாகவே காட்டப்படுகிறது. அதனால் வருந்துவோருள் டாக்டரும் ஒருவன்.

3. டோனாவின் மறுப்பு

அதே செயலை டாக்டரே தன் கையால் செய்யும் நிலை 39 ஆண்டுகளுக்குப் பின் வருகிறது. 2008 ஜூலை 5 அன்று ஒளிபரப்பான ‘ஜர்னிஸ் எண்ட்’ கதையில், இலண்டனின் சிஸ்விக் பகுதியைச் சேர்ந்த தற்காலிக அலுவலக ஊழியரான டோனா, எதிர்பாராத வகையில் டாக்டரின் அறிவு முழுவதையும் பெறுகிறார். டாலெக்குகளின் கருவிகளைச் செயலிழக்கச் செய்து அனைத்துலகங்களையும் காக்கிறார். ஆனால் மனித மூளை அவ்வறிவைத் தாங்காது, எரிந்து அழியும். தமக்கு நேர்வது என்னவென்பதை டோனா அறிந்தே இருக்கிறார். பழைய நிலைக்குத் தம்மைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சுகிறார். டாக்டர் அவர் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து, தன்னைச் சந்தித்த நாள்முதலான நினைவுகள் அனைத்தையும் அகற்றுகிறான். பின்னர் அவருடைய தாயிடமும் தாத்தா வில்ஃபிரட்டிடமும், நிகழ்ந்தவற்றை ஒருபோதும் அவரிடம் சொல்லக்கூடாது என்று விலக்கும் விதிக்கிறான்.

இங்கு நிகழ்வன இரண்டு: ஒன்று நினைவை அகற்றல், மற்றொன்று சுற்றத்தாரை மறைப்புக்கு உடன்படுத்தல். தமிழ் அகப்பொருள் மரபு, தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துவதை ‘அறத்தொடு நிற்றல்’ எனப் பெயரிட்டது. உண்மையை அறிய வேண்டியவரிடம் அதனைச் சேர்ப்பது அங்கே அறம் எனக் கொள்ளப்பட்டது. டோனாவின் வீட்டிலோ அன்பு கொண்டோர் அனைவரும் உண்மையை அதற்குரியவரிடமிருந்தே காத்துநிற்க வேண்டியவராகின்றனர்.

4. காத்தல் என்னும் வாதம்

டாக்டரின் செயலுக்கு ஆதரவான வாதம் வலுவற்றதன்று. உயிர் இருந்தால்தான் பிற உரிமைகளுக்கும் இடமுண்டு. சில நொடிகளில் இறக்கப்போகும் ஒருவரிடம் விவாதிக்க நேரமில்லை. உயிரோடிருந்தால் அவர் புதிய வாழ்வை அமைத்துக்கொள்ளலாம். நினைவிழந்து திறந்த மருத்துவமனைக்கு வரும் நோயாளருக்கு மருத்துவர் அவரது ஒப்புதலின்றியே சிகிச்சை அளிப்பதை எவரும் குறைகூறுவதில்லை.

ஆனால் இவ்வொப்புமை டோனாவுக்குப் பொருந்தவில்லை. உணர்விழந்தவரின் விருப்பம் அறியப்படாதது. ஆகவே அது ஊகித்துக்கொள்ளப்படுகிறது. டோனா உணர்வோடிருந்து மறுக்கிறார். மறுப்பு வெளிப்படையாக இருக்கும்போது ஊகத்திற்கு இடமில்லை.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட ‘ஆன் லிபர்ட்டி’ என்னும் நூலில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். பழுதடைந்த பாலத்தைக் கடக்க முனையும் ஒருவனை, எச்சரிக்க நேரமில்லையெனில், பிடித்து நிறுத்தலாம். ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று. ஆனால் தீங்கு உறுதியின்றி, வாய்ப்பாக மட்டும் இருக்குமானால், எச்சரித்துவிட்டு முடிவை அவனிடமே விட வேண்டும் என்பது அவர் கருத்து. டோனாவின் இறப்பு உறுதியானது என்பதால் மில் டாக்டரின் பக்கம் நிற்பதாகத் தோன்றலாம். எனினும் உறுதி என்று கூறியவர் யார் என்பதைக் கருத வேண்டும். 2023 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பான ‘தி ஸ்டார் பீஸ்ட்’ கதையில் டோனாவின் நினைவுகள் மீள்கின்றன, அவர் இறக்கவில்லை. அவர் பெற்ற ஆற்றல் மகள் ரோஸுக்கும் பகிரப்பட்டிருந்தது. எஞ்சியதைத் தாயும் மகளும் தாமே விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விட்டுவிட முடியும் என்பது டாக்டரின் அறிவில் இல்லாத ஒன்று. மகள் பிறவாத 2008இல் இவ்வழி இருந்திராது என்று மறுக்கலாம்; அது சரியே. ஆயினும், முற்றறிந்தவன் என்னும் நிலையிலிருந்து பிறருக்காக முடிவெடுத்தவனின் அறிவும் எல்லைக்குட்பட்டதே என்பதை இந்நிகழ்வு மெய்ப்பிக்கிறது.

5. நினைவும் தன்வரலாறும்

அழிக்கப்பட்டது எது என்பது அடுத்த வினா. ஜான் லாக், ‘மனித அறிதிறன் பற்றிய கட்டுரை’ என்னும் தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த இயலில், ஒருவர் அதே ஆளாகத் தொடர்வதற்கு உணர்வின் தொடர்ச்சியே அடிப்படை என்றார். இதன்படி, உலகங்களைக் காத்த டோனாவும் தம் வீட்டில் கண்விழித்த டோனாவும் முழுமையாக ஒருவரல்லர். அப்படியாயின் காக்கப்பட்டவர் யார்? டாக்டர் காப்பாற்றியது ஒரு டோனாவை. அதன்பொருட்டு இழந்தது மற்றொரு டோனாவை என்று கூற நேரிடும்.

இவ்வாதத்தை அப்படியே ஏற்பதற்குத் தொடரே தடையாக உள்ளது. ‘டர்ன் லெஃப்ட்’ (2008) என்னும் கதையில், டாக்டரைச் சந்திக்காத மாற்றுலக டோனாவும் இறுதியில் பிறருக்காக உயிர்விடத் துணிகிறார். 2010 ஜனவரி முதல் நாளன்று ஒளிபரப்பான கதையில் டாக்டர் அவருக்குத் திருமணப் பரிசாகக் கிடைக்கச் செய்த பரிசுச்சீட்டின் பெருந்தொகையை, டோனா அறக்காரியங்களுக்கு அளித்துவிட்டார் என்பதை 2023ஆம் ஆண்டுக் கதையால் அறிகிறோம். நினைவு போனபின்னும் ஈகை போகவில்லை. பண்பு நினைவை மட்டுமே சார்ந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின் இழப்பு சிறியதா எனில், அன்று. டோனாவிடம் நற்பண்பு எஞ்சியது. அதன் வரலாறு எஞ்சவில்லை. தாம் ஏன் இவ்வாறு இருக்கிறோம், தம் வாழ்வில் எதை இழந்தோம் என்னும் வினாக்களுக்கு விடை காணும் வழி அவருக்கு இல்லை. தம்மைச் சிறியவராக எண்ணிய ஒரு பெண், தாம் சிறியவரல்லர் என்பதற்குப் பெற்ற சான்று அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. சான்று பிறரிடம் உள்ளது, உரியவரிடம் இல்லை. தன்வரலாற்றின் மீது ஒருவருக்குள்ள உரிமையே இங்குக் கவரப்பட்டது எனலாம்.

6. உடன்பயணியரின் விடை

தொடர் இவ்வினாவைக் கைவிடவில்லை. ஸ்டீவன் மொஃபாட் எழுதிய ‘ஹெல் பெண்ட்’ (2015) கதையில், இறப்பின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட கிளாரா ஆஸ்வால்டின் நினைவிலிருந்து தன்னை அழிக்க டாக்டர் திட்டமிடுகிறான். தன் இனத்தார் அவரைத் தேடிப் பிடிக்கக்கூடாது என்பது அவன் காட்டும் காரணம். இதனை முன்னரே அறிந்த கிளாரா, அக்கருவியை எதிர்மாறாக இயங்குமாறு மாற்றிவிடுகிறார். எதிர்காலம் எவருக்கும் உறுதியளிக்கப்படவில்லை, கடந்தகாலமோ தமக்கு உரியது என்பது அவர் வாதத்தின் சாரம். இருவரும் சேர்ந்து கருவியை இயக்க, நினைவை இழப்பவன் டாக்டர். டோனாவுக்குக் கிடைக்காத உரையாடல் கிளாராவுக்குக் கிடைக்கிறது. அதுவும் டாக்டர் கொடுத்ததன்று, அவர் எடுத்துக்கொண்டது.

‘தி பைலட்’ (2017) கதையில் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச் சாலையில் பணிபுரியும் பில் பாட்ஸின் நினைவை அழிக்க டாக்டர் கைநீட்டுகிறான். இதே செயல் உனக்கு நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார் என்கிறார் பில். டாக்டரின் கை தாழ்கிறது. அவனுக்கு அது நேர்ந்திருக்கிறது. தன்னைப் பிறர் நிலையில் வைத்து நோக்கும் அறத்தை அவன் கற்றது தன் இழப்பின் வழியாகவே என்பது இக்காட்சியின் உட்பொருள்.

2023இல் வட்டம் நிறைவுறுகிறது. இலண்டன் மாநகரைக் காக்க டோனாவின் பழைய அறிவு தேவைப்படுகிறது. அதனை மீட்டால் அவர் இறக்கக்கூடும். இம்முறை டாக்டர் நிலைமையை அவரிடம் எடுத்துரைக்கிறான். டோனா தாமே இசைகிறார். ஆபத்து 2008இல் இருந்ததுபோன்றதே. வேறுபாடு, அவர் கேட்கப்பட்டார் என்பது மட்டுமே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. உடன்பயணி நாயகனின் அறவுணர்வை நிறைவு செய்பவர். அவரது குரலை அடக்கும்போது நாயகன் தன் உசாத்துணையையே இழக்கிறான். பிறர் நன்மை கருதிச் செய்யும் காப்பு, வெளிப்படையான மறுப்பின் முன் தன் நியாயத்தைப் பெரிதும் இழக்கிறது. காப்பவரின் அறிவு எல்லைக்குட்பட்டது என்பதும் அதனைக் குறைக்கிறது. நினைவை அகற்றுவதால் பண்பு அழியாதிருக்கலாம். ஆயினும் தன்வரலாற்றின் மீதான உரிமை அழிகிறது.

டாக்டரைக் கொடியவன் என்று முடிவு செய்வது இவ்வாய்வின் நோக்கமன்று. அவன் அன்புடையவன் என்பதனாலேயே இவ்வினா கடினமாகிறது. நோயின் உண்மையை நோயாளரிடம் மறைக்கும் குடும்பங்களிலும், பிள்ளைகளின் பிறப்பு வரலாற்றை அவர்களிடமே மறைக்கும் வீடுகளிலும் இதே அன்பு இதே செயலைச் செய்கிறது. அங்கெல்லாம் முதலில் எழுப்பப்பட வேண்டிய வினா, அவர் தாங்குவாரா என்பதன்று. அவரிடம் கேட்டோமா என்பதே.