பாசியும் ஓரறிவு உயிரும்

ஆற்றுநீரில் மிதக்கும் நுண்பாசி கருணைக்கு உரிய உயிரா? ஜீவகாருண்யம் பேசிய வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலை தொடங்கிய வடலூர் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். இரண்டு ஊர்களையும் ஒட்டிய நிலத்து நீரைக் கடலூர்க் கடற்கரை நோக்கிக் கொண்டுபோவது பரவனாறு. கேள்விக்கு இந்த ஆறு நல்ல களம்.

இந்த நுண்பாசி, அதாவது தாவர மிதவை உயிரிக்குப் பெரும்பாலும் ஒரு செல்லே உடல். கிழக்குக் கரை ஆறுகளில் அதன் ஆண்டை மழைதான் வகுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் வெள்ளத்துக்குள் வெளிச்சம் இறங்காது. பாசி பெருகுமுன் வெள்ளம் அடித்துப் போய்விடும். தை பிறந்து நீர் தெளிந்ததும், மழை கரைத்து வந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கொண்டு டயட்டம் என்னும் பாசிகள் பெருகும்; அவற்றின் கண்ணாடி ஓட்டுக்குச் சிலிக்காவும் வேண்டும். சித்திரை, வைகாசியில் நீர் தேங்கிச் சூடேறினால் நீலப்பச்சைப் பாசியின் கை ஓங்கும். பரவனாற்றில் இந்தச் சுழற்சிக்குள் நெய்வேலிச் சுரங்கமும் நுழைகிறது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஆண்டு முழுதும் இறைத்தாக வேண்டும். அது வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் பாய்வதால் கோடையிலும் ஓட்டம் இருக்கிறது. வெயிலே காணாது பூமிக்குள் கிடந்த நீர் வெளியே வந்த பிறகுதான் பச்சை பிடிக்கிறது.

தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்றது. வள்ளலாருக்கும் அதுவே கொள்கை. அப்படியானால் தாவர உணவும் உயிர்க்கொலைதானே என்ற தடையை அவரே ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலில் எடுத்துக்கொள்கிறார். வித்து, காய், கனி, தழை ஆகியவை நகமும் ரோமமும் போன்றவை, அவற்றைக் கொள்வதில் உயிர் போவதில்லை என்பது அவர் விடை. மரத்துக்கு அழகாகப் பொருந்தும் இந்த விடை பாசியிடம் தடுமாறுகிறது. பறித்துக்கொள்ள அதில் தனியே கனி கிடையாது. ஒரு மிடறு ஆற்றுநீரில் முழு உயிர்களே உள்ளே போகின்றன. சாவும் அங்கே மங்கலானது. ஒரு செல் பிரிந்து இரண்டாகும்போது தாய் எங்கே போனது? உடல் எதுவும் மிஞ்சவில்லை.

இந்த முடிச்சைப் பருவமே கொஞ்சம் தளர்த்துகிறது. நிலைமை கெடும்போது சில நீலப்பச்சைப் பாசிகள் தடித்த சுவர் கொண்ட உறங்கு செல்களை உண்டாக்குகின்றன. அவை சேற்றில் படிந்து, ஒளியும் ஈரமும் கூடிவரும்போது முளைக்கின்றன. சில டயட்டம்களுக்கும் இத்தகைய உறக்கம் உண்டு. மரத்தில் ஒரே நேரத்தில் தனித்தனிப் பொருளாக இருக்கும் வித்தும் பயிரும் இங்கே ஒரே செல்லுக்கு வாய்க்கும் இரண்டு காலங்கள். வள்ளலார் கொண்ட அளவின்படி, கோடைச் சேற்றில் உறங்கும் டயட்டம் செல் வித்துக் கணக்கில் சேரும். அதே செல் தைமாதத் தெளிநீரில் ஓரறிவு உயிர்.